பார்க்கின்சன் ஆராய்ச்சிக்குக் காசு கொடுப்பது எப்படி: ஒரு கணக்குப்பிள்ளையின் குறிப்புகள்

லண்டனில் எங்கள் ஊர்ச்சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் காசு சேர்க்க யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மண்டபம் எடுத்து, இராப்போசனம் வைத்து, ஒரு சேலையையோ கிரிக்கெட் மட்டையையோ ஏலம் விட்டு, ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வகுப்பறை கட்டும் தொகையை ஒரே இரவில் சேர்த்துவிடுவார்கள். ஆனால் வீட்டில் ஒருவருக்குப் பார்க்கின்சன் வந்து, "இந்த நோய்க்கு ஏதாவது செய்யவேணும்" என்று குடும்பம் முடிவெடுத்தால் அப்போதுதான் திகைப்பு வருகிறது. வகுப்பறை என்றால் கண்ணுக்குத் தெரியும், திறப்புவிழாவுக்குப் போகலாம். ஆராய்ச்சிக்குக் கொடுத்த காசு எங்கே போகிறது, யார் கைக்குப் போகிறது, எப்போது என்ன கிடைக்கும் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

நான் ஹரோவில் சிறிய கம்பனிகளுக்குக் கணக்கு எழுதிவந்தவள். என் கணவருக்குப் பார்க்கின்சன். அவருடைய நோய் தெரியவந்த பிறகு, ஆராய்ச்சிக்குக் காசு கேட்டு வரும் விண்ணப்பங்களை நோயாளிகள், குடும்பத்தினர் தரப்பில் வாசித்துக் கருத்துச் சொல்லும் தன்னார்வலராகச் சேர்ந்தேன். காசு கொடுக்கும் பக்கத்தையும் கேட்கும் பக்கத்தையும் பார்த்தவள் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். தொகை பெரிதா சிறிதா என்பது இரண்டாவது கேள்வி. ஆராய்ச்சியின் எந்தக் கட்டத்துக்கு அது போகிறது என்பதுதான் முதல் கேள்வி. அரசாங்கமும் மருந்துக் கம்பனியும் தொடாத சில கட்டங்கள் இருக்கின்றன. எங்களைப் போன்றவர்களின் காசு அங்கே போய்ச் சேர வேண்டும். பிரித்தானியாவில் இருப்பவர்கள் அதை எப்படிச் செய்யலாம் என்பதே இந்தக் குறிப்பு.

இன்று நிலைமை என்ன

இந்த நோயை முதன்முதலில் தெளிவாக எழுதி வைத்தவர் லண்டன் ஹொக்ஸ்டனில் வைத்தியம் பார்த்த ஜேம்ஸ் பார்க்கின்சன். ஆண்டு 1817. அவர் பிறந்த ஏப்ரல் 11தான் உலகப் பார்க்கின்சன் தினம். மூளையின் அடிப்பகுதியில் டோபமின் சுரக்கும் நரம்பணுக்கள் மெல்ல மெல்ல அழிந்துபோகின்றன. குறைந்துபோன டோபமினை ஈடுசெய்ய லெவோடோபா என்ற மருந்து 1960களில் வந்தது. இன்றைக்கும் முதன்மையான மருந்து அதுதான். அது நடுக்கத்தையும் விறைப்பையும் தணிக்கிறது. ஆனால் நரம்பணுக்கள் அழிவதை அது நிறுத்துவதில்லை. அந்த அழிவை மெதுவாக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இதுவரை ஒன்றுகூட இல்லை. 2019இல் உலகம் முழுவதும் 85 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. இத்தனை பேர் இருந்தும் ஏன் ஒரு மருந்து இல்லை என்று கோபம் வரும். எனக்கும் வருகிறது. அந்தக் கோபத்தைக் காசாக மாற்றுவதற்கு முன்னால், தடை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

இருமல் மருந்தின் கதை

அம்ப்ரொக்சோல் என்ற இருமல் மருந்தை நம் ஊர்ப் பக்கம் பலர் குடித்திருப்பார்கள். சளியை இளக்குவதற்கு டொக்டர்மார் எழுதிக்கொடுப்பது. அந்த மருந்து இப்போது பார்க்கின்சனுக்குப் பயன்படுமா என்று பிரித்தானியாவில் பெரிய அளவில் சோதிக்கப்படுகிறது. அது இங்கே வந்து சேர்ந்த வழியைப் பார்த்தால், நன்கொடைக்கு எங்கே இடமிருக்கிறது என்று விளங்கும்.

கோஷே என்ற அரிய பரம்பரை நோய் ஒன்று உண்டு. ஜி.பி.ஏ. என்ற மரபணு தாய்வழி, தகப்பன்வழி இரண்டு பக்கமும் பழுதானால் வருவது. அந்த நோயாளிகளைப் பார்த்துவந்த மருத்துவர்கள், அவர்களிலும் அவர்களுடைய உறவினர்களிலும் பார்க்கின்சன் வழக்கத்தைவிட அதிகமாக வருவதைக் கவனித்தார்கள். 2009இல் பல நாடுகளின் 16 மையங்கள் சேர்ந்து அந்தத் தொடர்பை உறுதிசெய்தன. அந்த மரபணு ஒரு நொதியை உருவாக்குகிறது. அணுக்களுக்குள் சேரும் கழிவைச் சிதைக்கும் நொதி அது. அம்ப்ரொக்சோல் அந்த நொதியைக் கூட்டும் என்று ஆய்வுகூடத்தில் தெரியவந்தது.

இனி யார் காசு போடுவது? மருந்துக் கம்பனி போடாது. பல பத்தாண்டுகளாக விற்பனையில் உள்ள மலிவான மருந்து, காப்புரிமை முடிந்தது. பலகோடி செலவழித்து அது வேலை செய்கிறது என்று நிரூபித்தாலும் இலாபம் போட்டவருக்கு வராது. அரசாங்க நிதியோ, மனிதரில் கொஞ்சமாவது பரிசோதித்த ஆதாரம் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று கேட்கும். அந்த ஆதாரத்தைத் தேடுவதற்கான காசைத்தான் கியூர் பார்க்கின்சன்ஸ் என்ற லண்டன் தொண்டு நிறுவனமும் அமெரிக்காவின் மிச்சிகனில் இருக்கும் வான் ஆண்டல் ஆய்வு நிறுவனமும் கொடுத்தன. லண்டன் யூனிவர்சிட்டி கொலிஜில் பேராசிரியர் அந்தனி ஷப்பிராவின் குழு அந்தச் சிறிய ட்ரையலை நடத்தியது. 2020இல் முடிவு வெளிவந்தது. அதை முழுமையாக முடித்தவர்கள் 17 பேர்தான். மருந்து மூளையைச் சூழ்ந்த நீர்வரை போய்ச் சேருகிறதா, அங்கே நொதி கூடுகிறதா என்பதுதான் கேள்வி. இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை வைத்துத்தான் 330 பேரோடு, ஒவ்வொருவருக்கும் இரண்டு வருடம் நடக்கும் பெரிய ட்ரையலுக்கு வழி பிறந்தது. பாதிப் பேருக்கு அம்ப்ரொக்சோல், பாதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை.

அது வெற்றி பெறுமா என்பது ட்ரையல் முடிந்தால்தான் தெரியும். யாரும் இதை வாசித்துவிட்டு ஊரிலிருந்து அம்ப்ரொக்சோல் வரவழைத்துக் கொடுக்கத் தொடங்காதீர்கள். ட்ரையலில் கொடுக்கும் அளவு இருமலுக்குக் குடிக்கும் அளவைவிட மிகவும் அதிகம். மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

கியூர் பார்க்கின்சன்ஸ் 2005இல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் ஒருவர் டொம் ஐசக்ஸ். இளம் வயதிலேயே பார்க்கின்சன் வந்தவர், அந்த உடம்போடு பிரித்தானியாவின் கடற்கரை முழுவதையும் சுற்றி 4,500 மைல் நடந்து காசு சேர்த்தவர். 2017இல் காலமானார். நடந்து சேர்த்த காசு என்று சிலர் லேசாக நினைப்பார்கள். ஆனால் பழைய மருந்துகளைத் தேடி எடுத்துச் சோதிக்கும் அந்த வழி, பெரும்பாலும் இப்படிச் சேர்த்த காசில் உருவானது.

வேறு எங்கே காசு தட்டுப்பாடு

விசித்திரமாகத் தெரியும் யோசனைகளுக்கு. ஸ்கொட்லாந்தின் பேர்த் நகரில் ஜோய் மில்ன் என்ற ஓய்வுபெற்ற தாதி. தன் கணவரின் உடம்பு வாசனை மாறியதை, அவருக்குப் பார்க்கின்சன் என்று தெரிவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே உணர்ந்தவர். எடின்பரோ விஞ்ஞானி டிலோ குனாத் அவரை வைத்து ஒரு சின்னச் சோதனை செய்தார். நோயாளிகள் ஆறு பேர், நோயில்லாதவர்கள் ஆறு பேர் அணிந்திருந்த டீ-சேர்ட்டுகளை முகர்ந்து சொல்ல வேண்டும். நோயில்லாதவர்களில் ஒருவரை மட்டும் நோயாளி என்று சொன்னார். சில மாதங்கள் கழித்து அந்த மனிதருக்கும் பார்க்கின்சன் உறுதியானது. பிறகு மான்செஸ்டரில் பேராசிரியர் பெர்டிட்டா பாரனின் குழு தோலின் எண்ணெயில் உள்ள இரசாயனங்களை ஆராயத் தொடங்கியது. ஆரம்பத்தில் இதற்குக் காசு கொடுத்தவர்களில் பார்க்கின்சன்ஸ் யூ.கே. என்ற தொண்டு நிறுவனமும் உண்டு. எந்தப் பெரிய நிதியத்திடமும் போய் "ஒரு அம்மா முகர்ந்து சொல்கிறா" என்று இலட்சக்கணக்கில் கேட்க முடியாது. நோய்க்கென்றே இருக்கும் தொண்டு நிறுவனத்திடம் சிறு தொகை கேட்கலாம்.

அப்புறம், நீண்டகாலச் சேகரிப்பு வேலைக்கு. மைக்கல் ஜே. பொக்ஸ் அறக்கட்டளை 2010இல் ஒரு ஆய்வைத் தொடங்கியது. நோயாளிகள், நோய் வரும் வாய்ப்புள்ளவர்கள், நோயில்லாதவர்கள் என்று பலரை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து இரத்தம், முதுகுத்தண்டு நீர், ஸ்கேன் எல்லாம் சேர்த்து வைப்பது. தொடக்கத்தில் பேப்பரில் தலைப்புச் செய்தியாக வரக்கூடிய எதுவும் இதில் இல்லை. ஆனால் 2023இல், அந்தச் சேமிப்பிலிருந்த 1,100க்கும் மேற்பட்டவர்களின் மாதிரிகளை வைத்து, முதுகுத்தண்டு நீரில் அல்பா-சினூக்ளின் என்ற புரதம் பிறழ்ந்து மடிந்து கிடப்பதைக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார்கள். உயிரோடிருக்கும் மனிதரில் இந்த நோயின் உயிரியல் அடையாளத்தை இவ்வளவு தெளிவாகப் பார்ப்பதற்கு முன்பு வழி இருக்கவில்லை. இந்த மாதிரி வேலைக்கு ஒருமுறை கொடுக்கும் பெரிய காசோலையைவிட மாதாமாதம் தவறாமல் வரும் சிறிய தொகை உதவும். மாதிரியைச் சேமித்து வைக்கும் உறைகுளிர்ப் பெட்டிக்கு மாதாமாதம் மின்கட்டணம் கட்டித்தானே ஆகவேண்டும்.

"பிள்ளை, இதெல்லாம் அரசாங்கம் செய்யவேண்டிய வேலை அல்லோ?" என்று ஒரு இராப்போசனத்தில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். "செய்யுது, அண்ணை. ஆனால் முதல் காசு அவை போடமாட்டினம்" என்றேன். உண்மையிலேயே பெரிய ட்ரையல்களின் சுமையை இங்கே அரசாங்க நிதிதான் நிறையச் சுமக்கிறது. எக்ஸெனடைட் என்ற நீரிழிவு ஊசி மருந்தின் கதை அப்படித்தான். 62 பேரோடு நடந்த சிறிய ட்ரையலுக்கு நன்கொடைக் காசு. 2017இல் வந்த முடிவு நம்பிக்கை தந்தது. பிறகு 194 பேரோடு 96 வாரம் நடந்த பெரிய ட்ரையலுக்கு அரசாங்கத்தின் சுகாதார ஆய்வு நிதி. 2025இல் முடிவு வந்தது, பலன் இல்லை.

அந்தச் செய்தி வந்த நாள் எங்கள் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் அந்தக் காசு வீண் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அது ஒழுங்காக நடத்தப்பட்டு, முடிவு மறைக்கப்படாமல் வெளியிடப்பட்டது. அதனால் ஆயிரக்கணக்கானவர்கள் பயனில்லாத ஊசியை வருடக்கணக்காகக் குத்திக்கொள்ளாமல் தப்பினார்கள். "நாங்கள் கொடுத்தால் மருந்து வரும்" என்ற உறுதியை எதிர்பார்த்துக் கொடுப்பவர்கள் ஆராய்ச்சிக்குக் கொடுக்க வேண்டாம். நோயாளிகளுக்கு உடற்பயிற்சி வகுப்பு, பார்க்கின்சன் நர்ஸ் என்று உடனே பலன் தெரியும் வேலைகள் இருக்கின்றன, அவையும் மிக நல்லவை.

நிறுவனத்தின் கணக்கை வாசிப்பது

இது என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இங்கிலாந்து, வேல்ஸில் பதிவான எந்தத் தொண்டு நிறுவனத்தின் கணக்கையும் சரிட்டி கமிஷன் பதிவேட்டில் இலவசமாகப் பார்க்கலாம். பெயரைப் போட்டால் வருமானம், செலவு, அறங்காவலர்கள் பெயர், ஆண்டறிக்கை எல்லாம் வரும். முதல் பக்கத்தில் இருக்கும் வட்டப்படத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஆண்டறிக்கையைத் திறந்து பின்பக்கத்துக் குறிப்புகளுக்குப் போங்கள். நிறுவனங்களுக்குக் கொடுத்த ஆய்வு நிதிகள் அங்கே பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாக எழுதப்பட்டிருக்கும். எங்கே, எவ்வளவு என்று தெரியும். அந்தக் குறிப்பு மொட்டையாக இருந்தால் மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். நல்ல நிறுவனம் பதில் போடும்.

ஒரு வருடம் செலவு வருமானத்தைவிட மிக அதிகமாகத் தெரிந்தால் பதறவேண்டாம். மூன்று வருடத்துக்கான ஆய்வு நிதியை ஒப்புக்கொண்டால், பெரும்பாலும் அந்த மூன்று வருடத் தொகையையும் ஒப்புக்கொண்ட வருடத்திலேயே கணக்கில் காட்டுவார்கள். அதேபோல வங்கியில் பெரிய தொகை கிடக்கிறது என்பதற்காகப் பதுக்குகிறார்கள் என்றும் முடிவுகட்டக் கூடாது. அதில் ஒரு பகுதி, ஏற்கனவே வாக்குக் கொடுத்து இன்னும் அனுப்பாத காசாக இருக்கும்.

"நிர்வாகச் செலவு எத்தனை வீதம்?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. அதை வைத்து மட்டும் ஆராய்ச்சி நிறுவனத்தை அளக்க முடியாது. வரும் விண்ணப்பங்களை வெளியிலுள்ள விஞ்ஞானிகளிடம் அனுப்பி மதிப்பிடுவது, எங்களைப் போன்றவர்களை வாசிக்க வைப்பது, காசு கொடுத்த பிறகு வேலை நடக்கிறதா என்று பார்ப்பது, எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். அந்தச் செலவே இல்லாத நிறுவனம் யாரோ தெரிந்த பேராசிரியருக்குக் காசோலை எழுதிக்கொண்டிருக்கலாம். பிரித்தானியாவில் மருத்துவ ஆராய்ச்சித் தொண்டு நிறுவனங்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. ஏ.எம்.ஆர்.சி. என்று பெயர். வெளி விஞ்ஞானிகளின் மதிப்பீடு முறையாக நடந்தால்தான் அதில் உறுப்பினராக இருக்கலாம். நீங்கள் கொடுக்க நினைக்கும் நிறுவனம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு நான் தொலைபேசியில் கேட்கும் கேள்விகள் சில உண்டு. தோல்வியான முடிவுகளையும் வெளியிடச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதுகிறீர்களா? தரவுகளை மற்ற விஞ்ஞானிகளுக்குத் திறந்துவிட வேண்டும் என்று கேட்கிறீர்களா? விண்ணப்பத்தைத் தெரிவுசெய்யும் இடத்தில் நோயாளிகள் இருக்கிறார்களா, அவர்களுடைய சொல்லுக்கு மதிப்பு உண்டா?

கடைசிக் கேள்வி ஏன் என்றால், விண்ணப்பத்தில் நான் முதலில் போய்ப் பார்ப்பது செலவுப் பட்டியலை. பெரும் பங்கு ஆராய்ச்சியாளரின் சம்பளத்துக்குப் போகும், அது நியாயமானது. இரசாயனங்கள், ஸ்கேன் மணித்தியாலங்கள் என்று வரிசையாக வரும். நான் தேடுவது டாக்சிக் காசு. பார்க்கின்சன் ட்ரையல்களில் உண்மையான நிலையை அளக்க, பல வேளைகளில் இரவிலிருந்து மாத்திரை போடாமல் வரச்சொல்வார்கள். வந்தவரை விரலைத் தட்டச்சொல்லி, கையை விரித்து மூடச்சொல்லி, கைகட்டியபடி கதிரையிலிருந்து எழும்பச்சொல்லி, நடக்கவிட்டுப் புள்ளி போடுவார்கள். காலை மாத்திரை போடாத என் கணவரால் சேர்ட் பொத்தானைப் போடவே முடியாது. அப்படி ஒருவரை பஸ்ஸில் வரச்சொல்ல முடியுமா? வீட்டு வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை, கூட வருபவருக்கும் சேர்த்து, போக்குவரத்துச் செலவு போடாத விண்ணப்பத்தை எழுதியவர் நோயாளியைப் பக்கத்தில் வைத்து எழுதவில்லை. அப்படிப்பட்ட ட்ரையலில் ஆட்கள் பாதியில் நின்றுவிடுவார்கள், போட்ட காசெல்லாம் போய்விடும். இதைச் சொல்லிப் பட்டியலைத் திருத்த வைக்கத்தான் நாங்கள் அந்த இடத்தில் இருக்கிறோம்.

இராப்போசனக் காசும் கிஃப்ட் எய்டும்

இங்கே வருமான வரி கட்டும் ஒருவர் 100 பவுண் கொடுத்து கிஃப்ட் எய்ட் படிவத்தில் ஒப்பமிட்டால், தொண்டு நிறுவனம் அரசாங்கத்திடமிருந்து இன்னும் 25 பவுண் பெறும். 40 வீத வரி கட்டுபவர் தன் வரிக்கணக்கில் இன்னொரு 25 பவுணைத் திருப்பி வாங்கலாம். அதையும் நன்கொடையாக அனுப்புகிறவர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் சங்கங்கள் இந்தக் காசை அள்ளி அள்ளி இழக்கின்றன. காரணம், எல்லோரிடமும் வாங்கிச் சங்கத்தின் பெயரில் ஒரே காசோலையாகக் கொடுப்பதுதான். அதற்கு கிஃப்ட் எய்ட் கிடையாது. கொடுத்தவர் ஒவ்வொருவரும் தன் பெயர், வீட்டு முகவரி, தபால் குறியீடு எழுதி ஒப்பமிட வேண்டும். ஆகவே நிறுவனத்திடம் முன்கூட்டியே நன்கொடை உறைகள் கேட்டு வாங்கி மேசைக்கு மேசை வையுங்கள், பேனாவோடு. பேனா இல்லாத மேசையில் ஒரு உறையும் நிரம்பாது. அல்லது நிறுவனத்தின் பெயரில் இணையத்தில் ஒரு நன்கொடைப் பக்கம் திறந்து, அதன் கியூ.ஆர். குறியீட்டைச் சாப்பாட்டு அட்டையின் பின்பக்கம் அச்சடியுங்கள்.

சாப்பாட்டு டிக்கெட், அதிர்ஷ்டச் சீட்டு இரண்டுக்கும் கிஃப்ட் எய்ட் எடுக்க முடியாது. கொடுத்தவர் பதிலுக்கு ஒன்று பெறுகிறார் அல்லவா. அதனால் டிக்கெட் விலையை மண்டபச் செலவுக்கு அளவாக வைத்துவிட்டு, நன்கொடையைத் தனியாகக் கேளுங்கள். கணவர் பெயரில் வரி, மனைவியின் கையால் காசு என்றால், யார் காசோ அவர்தான் ஒப்பமிட வேண்டும். வரி கட்டாத ஓய்வூதியர்களை ஒப்பமிடச் சொல்லாதீர்கள். கட்டிய வரி போதாவிட்டால் குறையும் தொகையை அரசாங்கம் அவர்களிடம் கேட்கும்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சம்பளத்திலேயே வரிக்கு முன்னால் கழிக்கும் முறை இருக்கிறது. 20 வீத வரி கட்டுபவருக்கு 10 பவுண் கொடுக்க உண்மையில் 8 பவுண்தான் செலவு. பெரிய கம்பனிகள் பல, ஊழியர் சேர்க்கும் தொகைக்குச் சமமாகத் தாங்களும் போடும். பிள்ளைகள் கேட்டால்தான் போடுவார்கள், கேட்கச் சொல்லுங்கள்.

விழா அறிவித்தலில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். "பார்க்கின்சன் நோய்க்கான ஆராய்ச்சிக்கு" என்று எழுதிக் காசு கேட்டால், சட்டப்படி அது அந்த வேலைக்கு மட்டும்தான் போகலாம். அவ்வளவு குறிப்பது போதும். "அம்ப்ரொக்சோல் ட்ரையலுக்கு" என்று இன்னும் குறுக்கினால், அந்த ட்ரையலுக்கு வேண்டிய காசு நிறைந்துவிட்ட பின் உங்கள் தொகை அசையாமல் நிற்கும். பழைய மருந்துகளைச் சோதிக்கும் திட்டம், ஆரம்பநிலைச் சிறு ஆய்வுகள் என்று வகையைச் சொல்லிக் கொடுத்தால் நல்லது. அனுப்பும்போது ஒரு கடிதமும் வையுங்கள்.

இதற்காகப் புதிதாக ஒரு அறக்கட்டளை தொடங்க வேண்டாம் என்பது என் திடமான கருத்து. விஞ்ஞானிகளை வைத்து மதிப்பிடும் வசதி எங்களிடம் இல்லை. ஒரு முனைவர் பட்ட மாணவரை முழுக்காலமும் வைத்திருக்கவே ஒரு லட்சம் பவுணைத் தாண்டும். நன்றாக நடக்கும் நிறுவனத்துக்குள் உங்கள் அப்பா பெயரில் ஒரு நினைவு நிதி திறக்கலாம். சேரச் சேர எவ்வளவு என்று பிள்ளைகள் எல்லா நாட்டிலிருந்தும் பார்க்கலாம்.

நினைவு நிதி என்றதும், இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்கைப் பற்றியும் சொல்லவேண்டும். முப்பத்தோராம் நாளுக்கு, இறந்தவரின் நினைவாக வெளியிடும் கல்வெட்டுப் புத்தகத்தை வழுவழுப்பான தாளில் நூற்றுக்கணக்கில் அச்சடித்து, வருபவர்களுக்குப் பாத்திரமோ பையோ கொடுக்கிறோம். என் மாமியாரின் அந்தியேட்டியில் கல்வெட்டைச் சிறிதாக்கி, அன்பளிப்பை நிறுத்தி, அந்தச் செலவை ஆராய்ச்சிக்கு அனுப்பினோம். கடைசிப் பக்கத்தில் நிதியின் பெயரையும் கியூ.ஆர். குறியீட்டையும் போட்டோம். யாரும் குறை சொல்லவில்லை. வந்தவர்களில் சிலர் தங்கள் வீட்டில் இருக்கும் பார்க்கின்சனைப் பற்றி அன்றைக்குத்தான் முதன்முதல் வாய்திறந்து கதைத்தார்கள்.

உயிலில் எழுதுவதென்றால் சொலிசிட்டரிடம் நிறுவனத்தின் முழுப்பெயரையும் சரிட்டிப் பதிவு எண்ணையும் கொடுங்கள். தொண்டு நிறுவனத்துக்கு விட்டுச்செல்லும் பங்குக்கு வாரிசு வரி இல்லை. வரிக்குட்படும் சொத்தில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேல் விட்டால், மீதிக்கான வரி 40 வீதத்திலிருந்து 36 ஆகக் குறையும்.

யாருக்குக் கொடுக்கக் கூடாது

குருத்தணு சிகிச்சை என்று சொல்லி நோயாளியிடமே பெருந்தொகை வாங்கும் கிளினிக்குகள் பல நாடுகளில் உள்ளன. "ட்ரையலில் சேர்க்கிறோம், இவ்வளவு கட்டுங்கள்" என்பார்கள். முறையான ட்ரையல் நோயாளியிடம் காசு வாங்குவதில்லை, போக்குவரத்துச் செலவைக்கூடப் பெரும்பாலும் அதுதான் கொடுக்கும். எந்த ட்ரையலுக்கும் பொதுப் பதிவேட்டில் ஒரு எண் இருக்க வேண்டும். எண்ணைக் கேளுங்கள், இல்லை என்றால் போனை வையுங்கள். உறவினர் ஒருவர் ஊரில் காணி விற்று இப்படி ஒரு இடத்துக்குக் கட்டியதை நான் அறிவேன். அந்தக் காணியும் போய், நோயும் அப்படியே இருக்கிறது.

காசோடு ஆளும் வேண்டும்

எங்கள் ஆட்களிடம் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. ட்ரையலுக்குக் காசு இருந்தும் ஆள் போதாமல் மாதக்கணக்கில் தாமதமாவது நடக்கிறது. தெற்காசியர்கள் அதில் மிகக் குறைவு. பார்க்கின்சன் மரபணு ஆய்வுகளில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவுதான். யூத, வட ஆபிரிக்க மக்களிடம் அதிகமாகக் காணப்படும் எல்.ஆர்.ஆர்.கே.2 என்ற மரபணுவின் ஒரு மாற்றம் இந்தியர்களிடம் மிக அரிது. 2023இல் நைஜீரிய மக்களை ஆராய்ந்தபோது, அதுவரை தெரியாத ஒரு ஜி.பி.ஏ. மாற்றம் ஆபிரிக்க வம்சாவளியினரிடம் இருப்பது வெளிவந்தது. அவர்கள் இரத்தம் கொடுத்ததால்தான் தெரிந்தது. எங்கள் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று நாங்கள் கொடுக்காமல் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

இங்கே 1,600 பேரை இலக்காக வைத்து, ஒரே நேரத்தில் பல மருந்துகளைச் சோதிக்கும் ஒரு பெரிய ட்ரையல் திட்டமிடப்பட்டது. அதில் முதலில் தெரிவான மருந்துகளில் ஒன்று டெல்மிசார்டன், எங்கள் வீடுகளில் இரத்த அழுத்தத்துக்குப் போடும் அதே மாத்திரை. பலனில்லாத மருந்தை இடையிலேயே நிறுத்தி, அந்த இடத்தில் புதிய மருந்தைச் சேர்க்கலாம். ஒவ்வொரு மருந்துக்கும் புதிதாக ட்ரையல் தொடங்கும் செலவு மிஞ்சும். இப்படிப்பட்ட கட்டமைப்புக்கு அரசாங்கக் காசும் பல தொண்டு நிறுவனங்களின் காசும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

சேர்வதென்றால், மூன்று விடயம். போலி மாத்திரை கிடைக்கலாம் என்பதை வீட்டில் எல்லோரும் முதலிலேயே பேசி ஒத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் தயக்கமென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள், மகளையோ மருமகனையோ வைத்து ஒப்பம் வாங்குவது சரியல்ல. உங்கள் பார்க்கின்சன் நர்ஸை அடுத்த முறை பார்க்கும்போது, "இங்கே எந்த ட்ரையலுக்கு ஆள் எடுக்கிறார்கள்?" என்று நேரடியாகக் கேளுங்கள். போகும்போது மாத்திரைகளின் பெயர், அளவு, போடும் நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். முதலில் அதைத்தான் கேட்பார்கள்.